அகன்ற முனையும் அம்பின் நேர்மையும்

வில்வித்தையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வில்லைப் பற்றியே பேசிச் சென்றனர். வில்லின் மரம் யாது, நாண் எத்தகையது, அதனை வளைத்த வீரன் எவன் என்பனவே அவர்தம் கருத்தைக் கவர்ந்தன. அம்போ எய்தபின் கண்ணுக்கு மறையும் பொருள். நூல்களிலும் அவ்வாறே மறைந்தது. ஆயினும் குறி தப்பியதன் காரணத்தை ஆராய்வோன் வில்லோடு நின்றுவிடல் இயலாது. அம்பின் இரு நுனிகளுக்குமிடையே நிகழும் ஒரு போட்டியை அவன் அறிதல் வேண்டும். அது மிக வெளிப்படையாகத் தோன்றுவது, அகன்ற அலகுடைய வேட்டை அம்பிலேயாம்.

அகன்ற அலகு வேண்டப்பட்டமைக்குக் காரணம் உண்டு. துப்பாக்கிக் குண்டு தாக்கும் அதிர்ச்சியாலும் ஊறு செய்யும். அம்போ அறுத்துக் குருதியை வெளியேற்றுவதாலேயே விலங்கை வீழ்த்தும். எனவே அறுக்கும் விளிம்பு நீண்டிருத்தல் அவசியமாயிற்று. நம் இதிகாசங்களைப் படித்தோர்க்குப் பிறைமுக அம்பு புதியதன்று. ஆனால் பிறை வடிவான அத்தகடு காற்றில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று வினவும் தேவை கவிஞர்க்கு நேரவில்லை.

தகட்டை முன்னே தாங்கிய அம்பு தன் அச்சின் வழியே பிறழாது செல்லுமாயின், அலகு காற்றைக் கத்திபோற் கீறிச் செல்லும். சிறிது சாய்ந்து புறப்படின் அதே அலகு சிறகாகிவிடுகிறது. காற்று அதன் ஒரு பக்கத்தை அழுத்தி முனையை மேலும் திருப்புகிறது. பின்னேயுள்ள இறகு அதனைத் தடுத்து அம்பை நேராக்க முயல்கிறது. ஓரம்பிலே முன்னும் பின்னுமாக இரு சிறகுகள் உள்ளன என்றே கொள்ளலாம். பின்னது வலிதாயின் அம்பு நேர்படும்; முன்னது வலிதாயின் வழி விலகும்.

இதனை முன்னோர் ஒருவாறு உணர்ந்திருந்தனர். பின்னாளில் எலிசபெத் இளவரசிக்கு ஆசிரியராயிருந்த ரொஜர் அஸ்கம், 1545ஆம் ஆண்டில் ‘டொக்சோபிலஸ்’ என்னும் நூலை வெளியிட்டு எட்டாம் ஹென்றி மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். அகன்ற முனைகளையும் கவர்முனைகளையும்விடச் சிறிய முனையே போருக்கு ஏற்றது என்பதும், அது இலகுவாதலின் விரைந்து செல்லும் என்பதும் அவர் கருத்து. அம்பு பறக்கும்வரை சுழலும் என்பதையும் அவர் குறித்துள்ளார். இவை நெடுநாட் பட்டறிவு தந்த தீர்ப்புகள். எண்ணால் அளந்த முடிவுகளல்ல.

அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் ‘மேரி றோஸ்’ என்னும் போர்க்கப்பல் போட்ஸ்மத் துறைமுகத்தின் அருகே மூழ்கிற்று. 1982இல் அதன் உடற்பகுதி மேலே கொணரப்பட்டது. அக்கப்பலினின்றும் கிடைத்த அம்புகள் 3,500க்கு மேற்பட்டன. வரலாற்று மாணவனுக்கு இது பெருஞ்செல்வமே. ஆயினும் இரும்பு முனைகள் துருவேறி அழிந்துபோயின. இறகுகளும் நீரிற் சிதைந்தன. எஞ்சியவை கோல்கள் மாத்திரமே. எந்த இரு நுனிகளின் போட்டியை நாம் அறிய விழைகின்றோமோ, அவையிரண்டையுமே கடல் கொண்டுவிட்டது.

அளந்தறியும் முயற்சி அமெரிக்காவிலே தொடங்கிற்று எனலாம். 1911இல் கலிபோர்ணியாவின் ஒரோவில் நகரருகே யாகி இனத்தாருள் எஞ்சியிருந்த ஒரேயொருவர் வெளிப்பட்டார். ‘இஷி’ என அழைக்கப்பட்ட அவர் 1916இல் மறையும்வரை சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையில் வாழ்ந்தார். அங்கே அறுவை மருத்துவராயிருந்த சக்ஸ்ரன் போப் அவரிடம் வில்வித்தை கற்றார். அரும்பொருட்சாலையிலிருந்த பல நாட்டு விற்களையும் எய்து பார்த்து, அவற்றின் வலிமையையும் அம்பு சென்ற தூரத்தையும் அளந்து, 1923இல் ஓர் ஆய்வாக வெளியிட்டார். கண்ணாடிபோன்ற எரிமலைக் கல்லாலான முனை எஃகு முனையிலும் ஆழமாகப் பாய்வதை அவரே சோதித்துக் கண்டார். அரும்பொருளைக் கண்ணாடிப் பேழையினின்றும் வெளியே எடுத்து வேலை வாங்கிய அத்துணிவு பாராட்டத்தக்கது. அரும்பொருட்சாலைக் காவலர் இன்று அதற்கு இணங்கார்.

போப் அளந்தவை தூரமும் ஆழமுமே. அம்பு நாணை விட்டகலும் அக்கணத்தில் நிகழ்வதைக் கண்ணாற் காணல் அரிதாயிருந்தது. அதனைக் காட்டியவர் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பௌதிக அறிஞர் கிளரன்ஸ் ஹிக்மன். இளமையில் றொக்கெற் ஆய்வாளர் கொடாட் என்பாருடன் உழைத்த அவர், 1930களில் அதிவேகப் படப்பிடிப்பால் அம்பின் செலவை ஆராய்ந்தார். விரலினின்றும் விடுபட்ட அம்பு விறைத்த கோலாய்ச் செல்லாது, மீன்போல் நெளிந்து வில்லின் கைப்பிடியைச் சுற்றிச் செல்வது படத்தில் தெளிவாயிற்று. அம்பு நெளியுந்தோறும் அதன் முனை பக்கத்தே சாயும். கூம்பு முனையாயின் அச்சாய்வாற் பெரிதும் கேடில்லை. அகன்ற அலகாயின் ஒவ்வொரு சாய்விலும் காற்றுக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

மிசூரி மாநிலத்தவரான ஹொலிஸ் வில்பர் அலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் உரிமம் பெற்ற கப்பி வில், ‘கொம்பவுண்ட்’ வில் என இன்று வழங்குவது. வில்லின் இரு நுனிகளிலும் மையம் விலகிய கப்பிகளைப் பொருத்தியமையால், முற்ற இழுத்த நிலையிற் கை தாங்கவேண்டிய பாரம் வெகுவாகக் குறைந்தது. வில்லாளன் பதறாது குறிபார்க்க முடிந்தது. அம்பின் வேகமும் உயர்ந்தது. இக்காலத்துக் கப்பி வில் செக்கனுக்கு 300 அடி வேகத்தில் அம்பைச் செலுத்தவல்லது. அவ்வேகத்தில் 20 யார் தூரத்தை அம்பு செக்கனில் ஐந்திலொரு பங்கிற் கடந்துவிடும்.

அகன்ற முனை வழி தவறுவதற்கு இவ்வேகமே காரணம் என வேட்டைக்காரர் பலர் கூறுவர். இது முற்றும் பொருந்துவதன்று. வேகம் இருமடங்காயின் காற்றின் விசை நான்மடங்காகும் என்பது மெய்யே. ஆனால் அவ்விசை முனையையும் இறகையும் ஒருங்கே தாக்குமாதலின் அவற்றிடையேயுள்ள விகிதம் மாறுவதில்லை. மாறியது இறகே. பழைய வேட்டை அம்பில் 5 அங்குல நீளமான வான்கோழி இறகு இருந்தது. இன்றோ 2 அங்குலப் பிளாஸ்ரிக் தகடு போதுமென்றாயிற்று. பின்சிறகு குறுகியது, முன்சிறகு குறுகவில்லை. எய்யும் தூரமும் கூடிற்று.

இப்போட்டியை அளக்கும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். 100 கிறெயின், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம் நிறையுள்ள கூம்பு முனையையும் அதே நிறையுள்ள அகன்ற முனையையும் எடுத்தல் வேண்டும். கோலுக்குக் கோல் வேறுபடுமாதலின் இரண்டையும் அதே கோல்களில் மாறிமாறிப் பொருத்தி எய்தல் வேண்டும். முதலில் 20 யாரிலும் பின்னர் 30, 40 யாரிலும் எய்து, இருவகை அம்புகளும் விழுந்த இடங்களை ஒப்பிடுவர். ஒருமுறை மூன்று அம்பெய்து முடிவு கூறுதல் பேதைமை. தற்செயலும் அவ்வளவு செய்யும்.

அகன்ற முனைகள் நெருங்கி விழுந்து, ஆனால் ஒரு பக்கமாக விலகியிருப்பின், குற்றம் வில்லிலே. அம்புதாங்கி நாணின் இயக்கத்தோடு நேர்ப்படவில்லை என்பது பொருள். இடப்புறம் விலகின் தாங்கியை மயிரிழை வலப்புறம் நகர்த்துவர். அவை சிதறி விழுமாயின், முனை கோலின் அச்சோடு பொருந்தாமையோ எய்பவனின் கை திருகுவதோ காரணமாகலாம். அம்பை முனையில் நிறுத்திச் சுழற்றினால் முன்னது தெரிந்துவிடும். பின்னதை அறிய எய்யும் பொறியில் வில்லைப் பூட்டிப் பார்ப்போரும் உளர். ஆனால் பொறி எய்தது நேர்பட்டதனால் மனிதன் எய்வதும் நேர்படும் எனக் கொள்ளலாகாது.

வேட்டை தகுமா என்பது வேறு வழக்கு. அதனை இங்கு எடுத்தேனல்லேன். ஆயினும் வட அமெரிக்காவின் வெண்வால் மானின் மார்பில் உயிர்நிலை ஏறத்தாழ 8 அங்குல அகலமே உடையது. கூம்பு முனையாற் பழகி நடுவே குறிவைத்தவனின் அகன்ற முனை 5 அங்குலம் விலகுமாயின், அது உயிர்நிலைக்கு வெளியே பாயும். அம்மான் வீழாது, காயத்தோடு காட்டுள் ஓடி நாட்கணக்கில் வருந்தும். வீட்டுப் புறத்தே வைக்கோற் பொதியை நோக்கிச் செலவிடும் இரண்டொரு மாலைப்பொழுதுகள் அத்துன்பத்தைத் தவிர்க்கக்கூடும்.

தாங்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தி இருவகை அம்புகளும் ஓரிடத்தே விழச் செய்தோர், அதன்பின் கூம்பு முனைகளும் முன்னிலும் நெருங்கி விழக் காண்பதுண்டு. கூம்பு முனை அதுவரை மறைத்து வைத்திருந்த பிழையை அகன்ற முனையே அவர்க்குக் காட்டிக்கொடுத்தது.