பல்லாவரம் சந்தையில் ஒரு மிக்சி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். தேடிப் போனது ஒரு மிக்சி கப்ளர். ஜாருக்கு அடியில் பல்லுப் பல்லாக இருக்குமே, அந்தக் கறுப்புத் துண்டு. புதுசாக வாங்கினால் நூறு ரூபாய்கூட ஆகாது. அதற்கு ஒரு நாள் லீவா என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான்.

மிக்சி அம்மாவுடையது. 1986-இல் அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் பையன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல சார். எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க" என்றான். வீட்டுக்கு வந்து சொன்னேன். "மோட்டார் நல்லாத்தானே இருக்கு, அதை ஏன்டா தூக்கிப் போடணும்?" என்றார் அம்மா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவன் நான்.

சந்தையில் பழைய டிரங்க் ரோடு ஓரம் தார்ப்பாய் விரித்துக் கொட்டி வைத்திருந்தார்கள். பேன் இறக்கை, டிவி ரிமோட், குக்கர் மூடி, அயர்ன் பாக்ஸ் பிடி. நடுவில் ஒரு பழைய சுமீத் மிக்சி, ஜார் இல்லாமல் பாடி மட்டும். அதைக் கையில் எடுத்ததும் கப்ளர் மறந்துபோய்விட்டது.

சுமீத்தின் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பம்பாயில் சீமென்ஸ் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவர் சத்யபிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரியிடம் பிரவுன் என்கிற ஜெர்மன் கம்பெனியின் மிக்சி ஒன்று இருந்தது. நம்மூர் அரைப்புக்கு அது தாங்கவில்லை, மோட்டார் எரிந்துபோனது. பழுது பார்க்க இந்தியாவில் ஆளும் கிடைக்கவில்லை, ஸ்பேரும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் நாமே செய்தால் என்ன என்று அவர் இறங்கியதில் 1963-இல் ஒரு கம்பெனி உருவானது. அதிலிருந்து வந்ததுதான் சுமீத்.

அந்த ஜெர்மன் மிக்சி ஏன் எரிந்தது? மட்டமான சரக்கு என்பதால் அல்ல. பழச்சாறு, சூப், கேக் மாவு என்று மெதுவான வேலைக்காகச் செய்தது அது. நாம் போடுவது காய்ந்த மஞ்சள், கொப்பரை, ஊறின உளுந்து. மிக்சிக்குள் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சுமை ஏறினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும். காயில் சூடாகும், கம்பியின் மேலுள்ள வார்னிஷ் கருகும், பிறகு ஷார்ட். அந்தக் கருகல் வாசனை தெரியாத தமிழ் வீடு உண்டா? மாத்தூர் வலுவான மோட்டாரைப் போட்டார், ஜாரையும் பிளேடையும் நம் சமையலுக்கு ஏற்ப மாற்றினார். இந்திய மிக்சி பிறந்ததே சர்வீஸ் கிடைக்காத எரிச்சலில்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கிரைண்டர் நம் பக்கத்துக் கதை. கோயம்புத்தூர் பி. சபாபதி 1955-இல் செய்தது என்கிறார்கள். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைத்தான் கை சுற்றும். மின்சாரக் கிரைண்டரில் இதைத் தலைகீழாக்கினார்கள். குழவியை நிறுத்திப் பிடித்துவிட்டுக் கல்லைச் சுற்ற விட்டார்கள். சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் பெண்களின் தோள்பட்டைக்கு அது எத்தனை மணி நேர ஓய்வு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கமும், மோட்டாருக்கு அங்கேயே இருந்த பம்ப்செட் பட்டறைகளும் கைகொடுத்தன. பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதெல்லாம் நம்ம தாம்பரத்துக்கு வந்து சேர நாளானது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-இல். மின்சாரம் தண்டவாளத்தில் ஓடி ஐம்பது வருஷம் கழித்தும் சேலையூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும்தான். காரணம் விலை மட்டும் இல்லை, வோல்டேஜும்தான். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் டியூப்லைட் கண் சிமிட்டும், எரியாது. மிக்சி போட்டால் முனகும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் திணறும், திணறினால் சூடு. அம்மா காலை ஐந்தரைக்கே சட்னி அரைத்துவிடுவார். அது சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன். இன்ஜினீயரிங் படித்த பிறகுதான் வோல்டேஜுக்காக எழுந்திருக்கிறார் என்று புரிந்தது.

விலைப் பிரச்சினையைத் தீர்த்தது தவணை. சென்னையில் அதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் வி.ஜி. பன்னீர்தாஸ், வி.ஜி.பி.யின் நிறுவனர். அங்கே சேல்ஸ்மேனாக இருந்த எச். வசந்தகுமார் 1978-இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். அதே 1978-இல்தான் சென்னையில் பிரீத்தி மிக்சியும் வந்தது. சம்பள நாளில் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்கி வருவது எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை. அந்த அட்டை இன்னும் ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டதில்லை.

அடுத்த கட்டம் அரசாங்கத்தின் கையால் வந்தது. 2006 தேர்தலில் தி.மு.க. இலவசக் கலர் டிவி என்றது. 2011-இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. அந்த வருஷம் செப்டம்பர் 15-இல் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி வாக்குறுதி கொடுப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னார்கள். இலவசம் சரியா தப்பா என்று இங்கே நான் வாதாட வரவில்லை. ஆட்டுக்கல்லில் ஒரு நாள் அரைத்துப் பார்க்காதவர்கள் அதைப் பேசும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும்.

எனக்கு ஆர்வம் அதற்குப் பிறகு நடந்ததில். வாங்குவதைப் பற்றி எழுத விளம்பரம் இருக்கிறது, தேர்தல் அறிக்கை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. ரிப்பேரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? காயில் கட்டுகிறவரிடம் நோட்டுப் புத்தகம்கூட இருக்காது. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்பது அவர் தலைக்குள் இருக்கும். அவர் போனால் அதுவும் போச்சு.

ஈயம் பூசுகிறவர்கள் அப்படித்தான் போனார்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும், அதனால் உள்பக்கம் ஈயம் பூச வேண்டும். இது வெள்ளீயம், விஷமான காரீயம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. தெருவோரம் குழி வெட்டி, துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரம் தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை வரும். சூட்டில் நவச்சாரம் பிரிந்து வரும் அமிலம் பித்தளை மேலிருக்கும் ஆக்சைடைத் தின்றுவிடும், அப்போதுதான் ஈயம் ஒட்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், சூடு மிஞ்சினால் வேலை கெட்டுவிடும். அவர்களிடம் தெர்மாமீட்டர் கிடையாது. எதைப் பார்த்து அளந்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்க எனக்கு அன்று தோன்றவில்லை. எட்டு வயதில் புகையை வேடிக்கை பார்க்கத்தான் தோன்றியது. எவர்சில்வர் வந்தது, அவர்கள் வரவில்லை. அம்மி கொத்துகிறவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள், ஏனென்றால் கிரைண்டர் கல்லும் தேயும், அதையும் கொத்தித்தான் ஆக வேண்டும்.

மறுபடி சந்தைக்கு வருகிறேன். தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. பையிலிருந்து அம்மாவின் மிக்சியை எடுத்துக் காட்டினேன். தலைகீழாகக் கவிழ்த்து, ஷாப்ட்டைக் கையால் சுற்றி, காது பக்கம் வைத்துக் கேட்டார்.

"பேரிங் நல்லாருக்கு. கார்பன் தேஞ்சிருக்கு, மாத்திடலாம். இந்தக் கம்பெனி கப்ளருக்கு எங்க போவீங்க? கவர்மென்ட் மிக்சி கப்ளர் போட்டா உக்காரும்."

"செட் ஆகுமா பாய்?"

"மரை ஒண்ணுதான் சார்."

தார்ப்பாயில் அரசு மிக்சிகள் நாலைந்து கிடந்தன, முதலமைச்சர் படம் பாதி உரிந்த நிலையில். ஒன்றை எடுத்து, அடியில் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஆர்மேச்சரைப் பிடித்துக்கொண்டு, கப்ளரைச் சுழற்றிக் கழற்றினார். வழக்கத்துக்கு மாறான திசையில் சுற்றினார். மோட்டார் ஓட ஓட இறுகும்படி மரை வெட்டியிருப்பார்கள், அதனால் கழற்ற எதிர்ப்பக்கம் போக வேண்டும். நான் போன வாரம் வீட்டில் அரை மணி நேரம் மல்லுக்கட்டி இறுக்கியே வைத்திருந்தது அப்போதுதான் புரிந்தது. நல்லவேளை, அவரிடம் சொல்லவில்லை.

அறுபது ரூபாய் கேட்டார், கார்பனுக்குத் தனியாக நாற்பது. இந்த வேலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். மாமா ஒருத்தர் குரோம்பேட்டையில் பேன் காயில் கட்டினாராம், பத்து வயதில் அவரிடம் சேர்ந்தாராம். பையன்? "அவன் டெலிவரி போறான் சார், இதுல என்ன இருக்கு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் லீவு சொல்லியிருக்கிறேன். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்ளலாமா என்று பாயிடம் கேட்டதற்கு, கூட்டம் இல்லாத நேரம், காலை எட்டு மணிக்கே வந்துவிடச் சொன்னார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சுமீத் பாடியை முந்நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டேன், ஜார் தேட வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, கார் டிக்கியில் இருக்கிறது.