கடலூர்: அரிசி மூட்டை நடத்திய போர்

கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்? கல்வராயன் மலை மேல ஏறி நின்னாலும் அலைச்சத்தம் கேட்காதே! நியாயமான கேள்விதான். ஆனா 1993 வரைக்கும் நம்ம ஊரு தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்கணும்னா கடலூருக்குத்தான் பஸ் ஏறணும். அதுக்கும் இருநூறு வருஷம் முன்னாடி, நம்ம பக்கத்துக் கோட்டைகளின் தலையெழுத்தே அந்தக் கடலூர்க் கரையில் எத்தனை மூட்டை அரிசி இறங்குது என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். சேலம் பக்கமிருந்து கடற்கரைக்கு வர ஆத்தூர்க் கணவாய் ஒரு முக்கியமான வழி. வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, நடுவே பாதை. அந்த வழியைத் தாண்டி வந்தால் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே தியாகதுருக்கம். மலை மேலே கோட்டை. மைசூர்ப் பக்கமிருந்து யார் இறங்கினாலும் இந்தக் கோட்டை கண்ணை உறுத்தும். இந்தப் பாதையின் மறுமுனைதான் கடலூர்.

கடலூரில் ஆங்கிலேயக் கம்பெனி 1690லேயே கால் ஊன்றிவிட்டது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எங்கே போய் விழுதோ அதுவரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு! குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கு :-) அந்தக் கோட்டையை 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். கோட்டை போனாலும் கரையும் ஆற்று முகமும் எங்கே போகும்? துறைமுகம் பிழைத்துக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகத்துக்குள் இறங்கினார். (அந்தக் காலத்தில் கர்நாடகம் என்றால் ஆற்காட்டு நவாபின் சீமை, அதாவது நம்ம ஊர்ப்பக்கம்.) செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படையை நொறுக்கினார். நவம்பருக்குள் ஆற்காடு அவர் கையில். கம்பெனிப் படைக்கு ஒரு பிடி நெல் கூடக் கிடைக்கக்கூடாதுன்னு வயல்களைக் கொளுத்தினார்கள், கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

வங்காளத்திலிருந்து வந்த கிழட்டுத் தளபதி சர் அயர் கூட் இந்தச் சூழ்நிலையில்தான் 1781 பிப்ரவரியில் கடலூர் வந்து சேர்ந்தார். வந்ததும் மாட்டிக்கொண்டார். கரைப்பக்கம் ஹைதரின் குதிரைப்படை. கடல்பக்கம் தோர்வ் என்ற தளபதியின் பிரெஞ்சுக் கப்பல்கள். கையில் சில நாள் அரிசிதான். ‘இன்னும் கொஞ்ச நாள் இருங்க, போதும்’ என்று ஹைதர் பிரெஞ்சுக்காரரிடம் கேட்டும், தண்ணீர் இல்லை, உணவில்லை என்று சொல்லி தோர்வ் பிப்ரவரி நடுவில் மொரீசியஸ் தீவுக்குக் கிளம்பிவிட்டார். கடல் திறந்தது. சென்னையிலிருந்து அரிசி வந்தது. ஒரு குண்டு கூடச் சுடாமல் கூட் பிழைத்தார். தென்னிந்தியாவின் சரித்திரம் அந்த ஒரு வாரத்தில் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம் என்று நினைக்கத் தோணுது.

ஆனாலும் ஜூன் வரைக்கும் கூட் பெரிசா நகர முடியவில்லை. காரணம் மாடு! துறைமுகத்தில் அரிசி இறங்கினாலும் உள்நாட்டுக்குத் தூக்கிப்போகப் பொதிமாடு வேணுமே? அதெல்லாம் ஹைதர் பக்கம் போய்விட்டது. அதனால் கம்பெனிப் படை கரையை ஒட்டியே நகர்ந்தது, கூடவே கடலில் கப்பல். நம்ம தியாகதுருக்கம் கோட்டையும் அதே 1781ல் மைசூர்ப்படையிடம் விழுந்தது. கடலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். துறைமுகத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது பொதிமாட்டின் கணக்குதான்.

ஜூனில் சிதம்பரம் கோயிலுக்குள் மைசூர்ப்படை சேர்த்து வைத்திருந்த தானியத்துக்காகக் கூட் மோதி, அடிவாங்கித் திரும்பினார். ஜூலை 1ந் தேதி பரங்கிப்பேட்டையில் ஜெயித்தார். அங்கேயும் கரையோரம் நின்ற கப்பல் ஒன்று ஹைதரின் குதிரைப்படை மேல் சுட்டு உதவியது.

அடுத்த வருஷம் ஆட்டம் தலைகீழ். 1782ல் பிரெஞ்சுப்படை பரங்கிப்பேட்டையில் இறங்கி, ஏப்ரலில் கடலூரைப் பிடித்தது. இப்போது அது பிரெஞ்சுக்காரரின் சரக்குத் துறைமுகம். அவர்களுடைய கடற்படைத் தளபதி சஃப்ரான் பெரிய கெட்டிக்காரர். சோழமண்டலக் கரையின் குறை அவருக்கு நல்லா தெரியும். கப்பல் வெளியே நிற்கணும், மசூலாப் படகில்தான் சரக்கு கரைக்கு வரணும். ஐப்பசி, கார்த்திகைப் புயலில் ஒதுங்க இடமே கிடையாது. அதனால்தான் ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்தார். கடலூர் சோறு போட, திருகோணமலை ஒதுங்க இடம் கொடுக்க!

ஹைதர் 1782 டிசம்பரில் இறந்தார். 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். 13ந் தேதி சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் செத்தவர், காயப்பட்டவர் சுமார் ஆயிரம் பேர். ஸ்டூவர்ட்டுக்குச் சாப்பாடு ஹியூஸின் கப்பல்களிலிருந்து. 20ந் தேதி சஃப்ரான் 15 கப்பல்களோடு ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்தார். மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். முற்றுகை போட்ட ஸ்டூவர்ட்டே இப்போ முற்றுகைக்குள்! இரண்டு வருஷம் முன்னாடி கூட் இருந்த அதே நிலைமை.

என்ன ஆகியிருக்குமோ, ஜூன் கடைசியில் சமாதானச் செய்தியோடு ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20ந் தேதியே முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம்! அஞ்சு மாசமாகக் கடலூர் மணலில் செத்தவர்கள் எல்லாம், முடிந்துபோன சண்டைக்காகச் செத்தவர்கள்.

இதுல நம்ம சனங்க எங்கே? இரண்டு பக்கமும் சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்காரர்கள்தான். வயல் எரிந்த குடியானவர்கள் சோறு தேடிச் சென்னைக்கு ஓடினார்கள். 1782 அக்டோபர்ப் புயலில் அங்கே நின்ற அரிசிக் கப்பல்கள் பல அழிந்தன. ஜனங்கள் பட்டினியில் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் பிறந்ததுதான் மணியக்காரர் சத்திரம், சென்னைக்காரர்கள் வாயில் ‘கஞ்சித்தொட்டி’. பிற்பாடு ஸ்டான்லி ஆஸ்பத்திரியானதும் அதுதான்.

பாடப்புத்தகத்தில் இரண்டாம் மைசூர்ப் போர் என்றால் வாளும் ராக்கெட்டும்தான் வரும். எனக்கென்னவோ அந்தப் போரைக் கரையில் இறங்கிய மூட்டையும் இறங்காத மூட்டையும்தான் நடத்தின என்று தோணுது. படைக்கு மூட்டை வந்த நாளிலும் குடியானவன் அடுப்பு எரியவில்லை என்பதுதான் மனசை அறுக்குது.

அடுத்த தடவை சேலம் ரோட்டில் போகும்போது தியாகதுருக்கம் மலையை ஜன்னல் வழியா ஒரு பார்வை பாருங்க. அது கடற்கரைக் கோட்டையும்தான்.