நாய்க்கு ஒரு நம்பர்: பச்சையா, சிப்பா?

1965-ஆம் வருடம், ஜூன் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டிலிருந்து பெப்பர் என்ற நாய் காணாமல் போனது. டால்மேஷன் ஜாதி. வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளிகள். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பத்தின் கண்ணில் ஒரு செய்தி பட்டது. ஒரு நாய் வியாபாரியின் வண்டியில் நாய்களையும் ஆடுகளையும் அளவுக்கு மீறி அடைத்துக்கொண்டு போனதைப் பிடித்திருக்கிறார்கள் என்று. அதில் இருந்த புள்ளி நாய் நம்ம பெப்பராக இருக்குமோ?

வீட்டு அம்மா நியூயார்க் மாநிலத்தில் இருந்த அந்த வியாபாரியின் இடம் வரைக்கும் தேடிப் போனார். உள்ளே விடவில்லை. ஜோசப் ரெஸ்னிக் என்ற காங்கிரஸ் உறுப்பினர் தலையிட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான். கடைசியில் தெரிய வந்த விஷயம் இது: நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றுக்குப் பெப்பர் விற்கப்பட்டு, பேஸ்மேக்கர் சம்பந்தப்பட்ட பரிசோதனையில் செத்துப்போய், உடம்பையும் எரித்துவிட்டார்கள்.

நாய்க்கு அடையாளம் வைப்பது என்றால் பச்சை குத்துவதா, மைக்ரோசிப் வைப்பதா என்று இன்றைக்கும் நாய் வளர்ப்பவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு ஆரம்பம் வைக்க வேண்டுமானால் நான் பெப்பரில்தான் வைப்பேன். பண்ணையிலிருந்து மருத்துவமனை வரை அந்த நாய் எத்தனையோ கை மாறியது. யார் பார்த்தாலும் அது ஒரு டால்மேஷன், அவ்வளவுதான். புள்ளி போட்ட நாய் ஊரில் ஆயிரம் இருக்கும். "இது என்னுடையது" என்று சொல்ல ஒரு துண்டு ஆதாரம் அதன் உடம்பில் இல்லை. கழுத்துப் பட்டை? திருடுகிறவன் முதலில் கழற்றிப் போடுவது அதைத்தானே!

ரெஸ்னிக் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். 1966 பிப்ரவரியில் 'லைஃப்' பத்திரிகை நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம் பிடித்துப் போட்டதும் நாடே கொதித்தது. ஆகஸ்ட் 24, 1966 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஆய்வக விலங்கு நலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வியாபாரிகள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வாங்கிய நாயை ஐந்து வேலை நாட்களுக்குள் விற்கக் கூடாது, ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் அடையாளம் இட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது.

சட்டம் வியாபாரிக்கு. நாயின் சொந்தக்காரர் என்ன செய்வது? அதற்கு வந்த பதில்தான் பச்சை. அதே 1966-ல் நேஷனல் டாக் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பதிவகம் தொடங்கியது. நாயின் பின்னங்காலில், தொடையின் உட்பக்கம், முடி குறைவான இடத்தில் ஒரு எண்ணைக் குத்துவார்கள். பச்சை இருக்கும் நாயை ஆய்வகத்தில் வாங்க மாட்டார்கள், அதனால் திருடனும் தொட மாட்டான் என்பது கணக்கு.

என்ன எண்ணைக் குத்தினார்கள் என்பதுதான் சுவாரசியம். நாய்க்காரருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை! நம்ம ஊர் ஆதார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்களுக்கு ஏற்கெனவே ஆளுக்கொன்று இருக்கிறது, ஒன்று போல் இன்னொன்று கிடையாது, புதிதாக எண் கொடுக்கும் வேலை மிச்சம். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் நாயைக் கண்டெடுத்தவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் போய், "இது யாருடைய நம்பர்?" என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. ஆக, அந்த எண்ணைப் பதிவகத்தில் கொடுத்து வைத்திருந்தால் மட்டுமே பிரயோஜனம். கண்டெடுத்தவருக்கும் அப்படி ஒரு பதிவகம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அடையாளத் திருட்டு பெருகியபோது, தன்னுடைய நம்பரை நாயின் தொடையில் ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிவது நல்லதா என்ற கவலை வேறு.

நான் படிப்பது பி.காம். கணக்குப் பதிவியலில் குறிப்பேட்டில் ஒரு பத்தி உண்டு, பேரேட்டுப் பக்க எண் என்று. அந்தப் பக்கத்தைப் போய்ப் புரட்டினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பேரேடே தொலைந்துவிட்டால் அது வெறும் எண். நாயின் தோலில் இருக்கும் எண்ணும் அப்படித்தான் என்று இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பச்சைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கருவி எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும். பலவீனங்களும் உண்டு. குட்டியாக இருக்கும்போது குத்தினால் வளர வளரத் தோல் விரிந்து எழுத்து மங்கும். 3-ஆ 8-ஆ என்று தெரியாது. முடி மூடிக்கொள்ளும். வளர்ந்த நாய் என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் விட மோசமானது காதுப் பச்சை. பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்ட் நாய்களுக்குக் காதின் உட்பக்கம்தான் குத்துவார்கள். அயர்லாந்து நாய் என்றால் இரண்டு காதிலும் இருக்கும். அமெரிக்காவில் ஒரு காதில் பிறந்த மாதமும் வருடமும், மறு காதில் ஈற்றின் பதிவு எண்ணும். 2004-ல் வேல்ஸில் ஒரு மலைப்பக்கத்தில் ரஸ்டி என்ற கிரேஹவுண்ட் கிடந்தது. தலையில் ஆணித் துப்பாக்கியால் சுடப்பட்டு, இரண்டு காதுகளும் அறுக்கப்பட்டிருந்தன. யாருடைய நாய் என்று தெரியக் கூடாது என்பதற்காகக் காதை அறுத்திருக்கிறான். கண்டெடுத்தபோது உயிர் இருந்தது, வாலை ஆட்டியதாம். காப்பாற்ற முடியாமல் ஊசி போட்டுத்தான் அதன் வலியை முடித்தார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அறுத்து எறிய முடியாத ஓர் இடம் வேண்டும். அந்த இடம் தோலுக்கு அடியில் கிடைத்தது.

ரேடியோ அலை வழியாக அடையாளம் சொல்லும் சில்லுகள் முதலில் நாய்க்காக வந்தவை அல்ல. 1970-களில் அமெரிக்க விவசாயத் துறைக்காக, மாடுகளை அடையாளம் காண லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலை நடந்தது. ஆமாம், அணுகுண்டு செய்த அதே லாஸ் அலமோஸ்தான்! 1980-களில் ஊசி வழியாக ஏற்றும் அளவுக்கு அது சிறுத்தது. அரிசி மணி அளவு கண்ணாடிக் குப்பி, சுமார் 12 மில்லிமீட்டர் நீளம். உள்ளே ஒரு கம்பிச் சுருள், ஒரு சில்லு. பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டு போனால் அதன் அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பேட்டரி இல்லாததால் தீர்ந்து போகிற பேச்சே இல்லை. நாயின் ஆயுளுக்கும் இருக்கும். நாய் எங்கே இருக்கிறது என்று இது காட்டும் எனப் பலர் நினைக்கிறார்கள். காட்டாது. கேட்டால் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான்.

ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத எண். படிக்க இயந்திரம் வேண்டும், அதுவும் சரியான இயந்திரம் வேண்டும். இங்கேதான் கம்பெனிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அமெரிக்காவில் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிப்புகள் விற்பனையாகிக்கொண்டிருந்தன. ஒரு நிறுவனம் தன் எண்ணைச் சங்கேதமாக்கி வைத்தது, போட்டியாளரின் ஸ்கேனர் படிக்கக் கூடாது என்று. 1996-ல் ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்று சர்வதேசத் தரம் வந்தது. 134.2 கிலோஹெர்ட்ஸ், 15 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும் (இந்தியாவின் எண் 356). ஐரோப்பா அதை எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே விற்ற சிப்பும் ஸ்கேனரும் என்னாவது என்பது அவர்கள் வாதம்.

வணிகப் பாடத்தில் இதையெல்லாம் 'போட்டி' என்று படிக்கிறோம். இங்கே போட்டியின் செலவை ஏற்றது யார் என்று பாருங்கள். சிப் விற்றவருக்கு லாபம். ஸ்கேனரை வைத்திருக்க வேண்டியது காசில்லாத விலங்குக் காப்பகம்.

2003-ஐ ஒட்டி அமெரிக்காவின் பெரிய கால்நடை மருத்துவமனைச் சங்கிலி ஒன்று சர்வதேசத் தரத்தில் ஆன சிப்பைப் பொருத்த ஆரம்பித்தது. தரம் என்னவோ சரியான தரம்தான். ஆனால் அங்கிருந்த காப்பகங்களில் பெரும்பாலானவற்றின் ஸ்கேனருக்கு அந்த மொழி தெரியாது. 2004-ல் விர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டாஃபோர்டில், சிப் வைத்த ஒரு நாய் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்கேனர் அதன் சிப்பைக் கண்டுகொள்ளவில்லை. சொந்தக்காரர் இல்லாத நாய் என்று நினைத்து ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த நாய்க்குத் தொடையில் பச்சை இருந்திருந்தால் யாராவது ஒருவர் பார்த்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சங்கிலி சர்வதேச சிப்பை நிறுத்தியது, வழக்கு நடந்தது. பிறகுதான் எல்லா அலைவரிசையையும் படிக்கிற ஸ்கேனர்கள் பரவலாயின.

ஸ்கேனர் சிக்கல் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்ததா? 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 23 மாநிலங்களின் 53 காப்பகங்களுக்கு வந்த, சிப் உள்ள 7,704 விலங்குகளைக் கணக்கெடுத்தது. தெருவில் பிடிபட்ட நாய்களில் பொதுவாக 21.9 சதவீதம் வீடு திரும்பியது. சிப் இருந்த நாய்களில் 52.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல், சந்தேகமே இல்லாத வெற்றி. ஆனால் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கான காரணங்களைப் பாருங்கள். 35.4 சதவீதத்தில் தொலைபேசி எண் தவறு, அல்லது இணைப்பு துண்டிக்கப்பட்டது. 24.3 சதவீதத்தில் சொந்தக்காரர் பதிலே சொல்லவில்லை. 17.2 சதவீதத்தில் சிப் வேறொரு கம்பெனியின் பதிவேட்டில் இருந்தது. 9.8 சதவீதத்தில் பதிவே செய்யவில்லை. சிப் தன் வேலையைச் செய்துவிட்டது, பேரேடுதான் சரியில்லை.

2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் சிப் விற்றுப் பதிவேட்டையும் வைத்திருந்த ஒரு நிறுவனம் திடீரென்று மூடிக்கொண்டது. நாயின் கழுத்தில் சிப் அப்படியே இருக்கிறது, ஸ்கேன் செய்தால் எண்ணும் வருகிறது. எண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை. வேறு பதிவேட்டில் மறுபடி பதியுங்கள் என்று மருத்துவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று.

நம்ம பக்கம் பார்த்தால், சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. இங்கே பதிவேடு மாநகராட்சியிடம் இருக்கிறது, உரிமத்தையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் போன் நம்பரையும் சரிபார்த்துக்கொண்டால் மேலே சொன்ன 35 சதவீதம் எவ்வளவோ குறையும். என்னைக் கேட்டால் சிப்தான். கூடவே பட்டையில் ஒரு தகடு, அதில் போன் நம்பர். பக்கத்துத் தெருக்காரரிடம் ஸ்கேனர் இருக்காது.

பச்சையின் கதை என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஐரோப்பாவில் அதைச் சட்டம் போட்டு, தேதி குறித்து வழியனுப்பினார்கள். 2004 ஜூலை 3 முதல் நாடு விட்டு நாடு போகும் நாய்க்குப் பாஸ்போர்ட் வந்தது, அடையாளமாகப் பச்சையோ சிப்போ ஏதாவது ஒன்று போதும் என்று கெடு கொடுத்தார்கள். 2011 ஜூலை 3-க்குப் பிறகு சிப் மட்டும்தான். அதற்கு முன் குத்திய பச்சை, படிக்கும்படி தெளிவாக இருந்தால் செல்லும் என்று ஒரு சலுகையும் உண்டு. அந்தச் சலுகையில் பயணம் போகக்கூடிய நாய் இப்போது எங்காவது இருந்தால் அதற்குப் பதினான்கு வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.