மன்னருக்குத் திதி கொடுக்கும் அண்ணாமலையார்: திருவண்ணாமலையில் ஒரு வழிகாட்டியுடன் அரைநாள்

நம் குடியிருப்பில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். நானும் அவர்களில் ஒருவன். பதினான்கு கிலோமீட்டர் தூரமும் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடியே நடந்து கிரிவலம் முடிப்பேன். வரிசையில் நின்று ஒரு நொடி தரிசனம் செய்துவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் தூங்கிக்கொண்டே திரும்புவேன். இத்தனை வருடமாக இதுதான் வழக்கம். போன விடுமுறையில் பேரன், "தாத்தா, அந்தக் கோயிலை யார் கட்டினாங்க?" என்று கேட்டான். "அந்தக் காலத்து ராஜா" என்பதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த வெட்கத்தில்தான் இந்த முறை கூட்டமில்லாத ஒரு வாரநாளில், நானும் என் மனைவியும் எதிர்வீட்டுத் தம்பதியும் காரில் போனோம். எங்கள் நால்வருக்கு மட்டும் என்று ஒரு உள்ளூர் வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டோம். வட ஒத்தவாடைத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். ராஜகோபுரத்தின் முன் செருப்பை விட்டதும் அவர் முதலில் சொன்னது இது: "நான் சொல்றது மூணு வகை சார். கல்லுல இருக்கிறது, ஏட்டுல இருக்கிறது, வாயில இருக்கிறது. எது எதுன்னு சந்தேகம் வந்தா உடனே கேட்டுடுங்க."

அடுத்த நான்கு மணி நேரமும் அந்த மூன்று வகையை வைத்தே பேசினார்.

உள்ளே போகப் போகப் பழையது

கிழக்கு ராஜகோபுரம் பதினோரு நிலை, 217 அடி. இதைத் தொடங்கியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். 1516ஆம் ஆண்டையொட்டிய அவருடைய கல்வெட்டு இந்தக் கோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் குளத்தையும் குறிப்பிடுகிறது. 1529ல் ராயர் மறைந்தார். கோபுரத்தைக் கட்டி முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். இது கல்லில் இருப்பது.

எதிர்வீட்டுக்காரர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் ஏறக்குறைய இதே உயரம்தானே, அங்கே உயரம் சாமிக்கு மேலே இருக்கிறது, இங்கே வாசலுக்கு மேலே இருக்கிறதே, ஏன்? வழிகாட்டி சிரித்தார். இரண்டுக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன. ராஜராஜன் 1010ல் தஞ்சையில் கட்டியது புதுக் கோயில், ஆகவே மூலவருக்கு மேலேயே வானளாவக் கட்ட முடிந்தது. ராயர் வந்தபோது அண்ணாமலையார் சன்னதி அப்பரும் சம்பந்தரும் பாடி நூற்றாண்டுகள் கடந்த இடம். அதைப் பிரித்துப் பெரிதாகக் கட்ட எந்த அரசருக்கும் மனம் வராது. அதனால் பின்னால் வந்த ஒவ்வொருவரும் சுற்றுக்கு வெளியே சுற்றாகச் சேர்த்தார்கள். திருவிழாக்களும் கூட்டமும் பெருகப் பெருக, மண்டபமும் குளமும் அகன்ற வெளியும் தேவைப்பட்டன.

ஆகவே இந்தக் கோயிலில் கிழக்கிலிருந்து உள்ளே நடப்பது காலத்தில் பின்னோக்கி நடப்பது போல. ராஜகோபுரம் 16ஆம் நூற்றாண்டு. அடுத்த வாசலான வல்லாள கோபுரம் 14ஆம் நூற்றாண்டு. அதையும் தாண்டினால் கிளிக் கோபுரம், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலம். கருவறையை நெருங்கும்போது 9ஆம் நூற்றாண்டு வரை போய்விடுகிறோம். கோபுரங்களும் உள்ளே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. இத்தனை முறை அந்த வழியாகவே நடந்தும் இது என் கண்ணில் பட்டதில்லை.

ராஜகோபுரம் தாண்டியதும் வலது கைப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, வீட்டை விட்டு வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதலில் தங்கியது இங்கேதான். தெருப் பிள்ளைகள் கல்லெறிந்து தொந்தரவு செய்ததால், அதே மண்டபத்தின் அடியில் இருக்கும் பாதாள லிங்கத்துக்குப் போய் உட்கார்ந்தான். அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. பாழடைந்து கிடந்த அந்த நிலவறையைச் சீரமைத்து, 1949ல் ராஜாஜி திறந்துவைத்தார். ராயர் திருவிழாவுக்குக் கட்டிய மண்டபம், நானூறு வருடம் கழித்து ஒரு பையனுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது.

இடது பக்கம் கம்பத்து இளையனார் சன்னதி. அருணகிரிநாதருக்காக முருகன் தூணில் காட்சி தந்த இடம் என்பார்கள். உயிரை விடத் துணிந்து அவர் குதித்தது வல்லாள கோபுரத்திலிருந்து என்பது ஊர்க்கதை. "இது வாயில இருக்கிறதுதானே?" என்றேன். "ஆமா சார். ஆனா ஒரு பொருத்தம் பாருங்க" என்றார். அருணகிரிநாதர் தம் பாட்டில் பிரபுடதேவ ராயரைக் குறிப்பிடுகிறார். அந்த ராயர் 15ஆம் நூற்றாண்டுக்காரர். அப்போது ராஜகோபுரம் கிடையாது, வல்லாள கோபுரம் உண்டு. குதித்தாரா என்பதைக் கல் சொல்லாது. ஆனால் கதை சொல்லும் கோபுரம் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தது என்பதைச் சொல்லும்.

கன்னட நாட்டிலிருந்து வந்த ராஜா

வல்லாள கோபுரத்தில் அந்த அரசரின் உருவம் இருக்கிறது. நாங்கள் பேச்சை நிறுத்தி நின்ற இடம் அதுதான்.

வல்லாள மகாராஜா என்று ஊர் சொல்பவர் ஹொய்சாள அரசர் மூன்றாம் வீர வல்லாளர். பேலூர், ஹளேபீடு சுற்றுலா போனவர்கள் பார்த்த சிற்பக் கோயில்கள் இவருடைய முன்னோர்கள் கட்டியவை. ஹளேபீடுதான் அவர்கள் தலைநகரான துவாரசமுத்திரம். 1311ல் மாலிக் கபூரின் படையும், 1327ல் துக்ளக்கின் படையும் அதைச் சூறையாடின. அதன்பின் வல்லாளர் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார்.

ஏன் இந்த ஊர்? வழிகாட்டி மேற்கே கையைக் காட்டினார். மைசூர்ப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து நம் சமவெளிக்கு இறங்கும் வழிகளில் ஒன்று செங்கம் கணவாய். அதன் வாயில் உட்கார்ந்திருக்கிறது திருவண்ணாமலை. பின்னால் தன் நாட்டுக்கும் போகலாம், முன்னால் மதுரையையும் கவனிக்கலாம். இதே காரணத்தால்தான் 1767ல் முதல் மைசூர்ப் போரில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித்தும் செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்திலும், அம்மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் மோதினார்கள். நாம் அமைதி தேடிப் போகும் ஊர், படைகள் நடந்த பாதையில் இருக்கிறது.

மதுரையில் அப்போது சுல்தான்களின் ஆட்சி. 1342ல் திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூர்க் கோட்டையை வல்லாளர் முற்றுகையிட்டார். வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் ஏமாந்தார், பிடிபட்டார், கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது எண்பது வயது என்று எழுதியிருக்கிறார் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. மதுரை சுல்தானின் சகலை முறை அவர். அந்த முதிய அரசரின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். இது ஏட்டில் இருப்பது.

இனி வாயில் இருப்பது. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய கொடையைச் சோதிக்க சிவனடியார் வேடத்தில் வந்த இறைவன், ராணி சல்லமாதேவியின் கையில் குழந்தையாகி மறைந்தார். "உனக்கு நானே மகன், உன் கடைசிக் கடனை நானே செய்வேன்" என்று வாக்குக் கொடுத்தார். அருணாசல புராணமும் இந்தக் கதையைப் பாடுகிறது.

கதை என்று தள்ளிவிட முடியாதபடி, அந்த வாக்கை ஊர் இன்றும் காப்பாற்றுகிறது. தைப்பூசத்தன்று ஈசானியத் தீர்த்தவாரியின்போது வல்லாள மகாராஜா போரில் இறந்த செய்தி அண்ணாமலையாருக்குத் தெரிவிக்கப்படுகிறது. மேளதாளம் நின்றுவிடுகிறது, துக்க வீட்டுக்காரராகச் சாமி கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று ஊருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, மகனாக நின்று மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார்.

மகன் இருந்தார்

இங்கே எதிர்வீட்டு அம்மா மெல்லக் கேட்டார்: "நிஜமாவே அவருக்குப் பிள்ளை இல்லையா?"

வழிகாட்டி தயங்கவில்லை. "இருந்தாரும்மா. கல்வெட்டுல பேர் இருக்கு. விருபாக்ஷ வல்லாளன்."

தந்தை இறந்தபின் 1343ல் முடிசூட்டிக்கொண்ட நான்காம் வல்லாளர் அவர்தான். ஆனால் சில ஆண்டுகளில் அவர் பெயர் கல்வெட்டுகளிலிருந்து மறைந்துபோகிறது. அந்த இடத்தில் விஜயநகரம் எழுகிறது. ஹொய்சாள அரசு முடிந்தே போனது.

நான் அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கதையும் கல்லும் முரண்படுகின்றன. ஆனால் கதை ஏன் அப்படி உருவானது என்பது முரண்பாட்டிலேயே தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது. வயதான அரசர் அந்நிய மண்ணில் செத்தார், உடல் வீடு திரும்பவில்லை. மகன் வந்தார், அவரும் போனார், வம்சம் போனது, நாடு போனது. அவருக்கென்று எள்ளும் தண்ணீரும் இறைக்க யாரும் மிஞ்சவில்லை. "பிள்ளை இல்லாத ராஜா" என்று ஊர் சொன்னது அந்த நிலைமையைத்தான் என்றால், அது பொய்யும் அல்ல. வேறு மொழி பேசிய, சுமார் பதினைந்து வருடமே இங்கிருந்து ஆண்ட ஒருவருக்கு, இந்த ஊர் தன் சாமியையே மகனாகக் கொடுத்திருக்கிறது. ராயர் கட்டிய கோபுரம் இதைவிடப் பெரிது. அவருக்கு இங்கே சாமி திதி கொடுப்பதில்லை.

வடக்கு வாசல்

வடக்குக் கோபுரம் வழியாக வெளியே வந்தோம். 171 அடி. இதற்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தைச் சேர்ந்த ஒரு துறவிப் பெண், 18ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து பணம் திரட்டி, பாதியில் நின்றிருந்த கோபுரத்தை முடித்தார் என்கிறார்கள். காசு தீர்ந்த நாளில் வேலையாட்களுக்கு அவர் திருநீறு கொடுக்க, அதுவே கூலியாக மாறியதாம். "திருநீறு வாயில இருக்கிறது சார். கோபுரம் கண்ணு முன்னால இருக்கிறது" என்றார் வழிகாட்டி. மாடிக்கு வெள்ளையடிக்க வீடு வீடாக வசூல் செய்து பார்த்த நம் சங்கப் பொருளாளருக்கு அந்த அம்மாளின் பாடு நன்றாகவே புரியும். கிரிவலப் பாதையில் ஈசானிய லிங்கத்துக்கு அருகே அவருடைய சமாதி இருக்கிறது. அடுத்த முறை அதைக் கடந்துவிடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

டீ குடிக்கும்போது பேச்சு வேறு பக்கம் போனது. 2002ல் இந்தியத் தொல்லியல் துறை இந்தக் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துத் தன் பொறுப்பில் எடுக்க முனைந்தது. ஊர் கடுமையாக எதிர்த்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. கோயில் அறநிலையத் துறையிடமே இருக்கிறது. "நினைவுச் சின்னத்துல பூட்டு இருக்கும், டிக்கெட் இருக்கும். திதி இருக்குமா சார்?" என்றார் வழிகாட்டி.

எதிர்வீட்டு அம்மா விடவில்லை. "சரிப்பா, ஆனா எண்ணெயும் சுண்ணாம்பும் பட்டு அந்த எழுத்தெல்லாம் அழிஞ்சா? விருபாக்ஷன்னு ஒரு மகன் இருந்ததை நாளைக்கு யார் சொல்லுவா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "அதுவும் சரிதாம்மா" என்றார்.

எனக்கும் இரண்டுமே சரியாகத்தான் பட்டது. வாய் மட்டும் இருந்தால் மகன் மறைந்துபோவார். கல் மட்டும் இருந்தால் அந்தக் கிழவருக்கு எள்ளும் தண்ணீரும் கிடையாது.

போகிறவர்களுக்கு

பௌர்ணமியையும் விடுமுறை நாளையும் தவிர்த்துவிட்டு ஒருமுறை போய்வாருங்கள். காலை ஏழு மணிக்குள் தொடங்கினால் நல்லது. வெயில் ஏறினால் கல்தரை சுடும், நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள். வழிகாட்டியிடம் கட்டணத்தையும் நேரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பிறகு அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் "இது கல்லா, ஏடா, வாயா?" என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

பேரனுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ சாமிக்கு அப்பா இருக்காரா?" என்று கேட்டான். ஒரு ஊரில் மட்டும் இருக்கிறார் என்றேன்.

வரும் மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு போவதாக நாங்கள் நால்வரும் முடிவு செய்திருக்கிறோம். வேனில் இன்னும் எட்டுப் பேருக்கு இடம் உண்டு. வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவிடுங்கள்.