கட்டங்களுக்குள் நம் சொற்கள்

குறுக்கெழுத்துப் புதிர் நம் பள்ளியைவிடச் சற்றே மூத்தது. 1913 டிசம்பர் 21ஆம் திகதி ஆர்தர் வின் என்பவர் அமைத்த முதற்புதிர் 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் சாய்சதுர வடிவில் வெளியானது. 1930களில் தமிழகத்தில் 'ஆனந்த விகடன்' அதைப் பரிசுப் போட்டியாக நடத்தியது. பிற்காலத்தில் இத்தகைய போட்டிகளில் பண மோகம் பெருகவே, மாதத்துக்கு 1000 ரூபாவுக்கு மேல் பரிசு தரும் போட்டிகளை இந்திய அரசு 1955இல் சட்டமியற்றித் தடுத்தது.

இங்கே 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கின. மலைநாட்டில் நமக்குப் புதிர் என்றால் ஞாயிற்றுப் பத்திரிகைதான். 1990களில் எங்கள் விடுதிக்கு வந்தது ஒரே பிரதி. அதை வெட்ட அக்காமார் விடமாட்டார்கள். கணக்குக் கொப்பியில் கட்டம் வரைந்து, கறுப்புக் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி, படிப்பு நேரம் முடிந்ததும் கூடி உட்காருவோம். 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்' என்பவற்றோடு 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது' என்ற குறிப்புகளும் வரும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்ற இலக்கண விதியை நாங்கள் மனத்தில் பதித்ததும் இப்படித்தான். 'ம்' விழுந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லும் புறப்படாது.

விடுமுறையில் கொப்பியும் எங்களோடு லயத்துக்கு வரும். நாங்கள் குறிப்பை வாசிப்போம். கையெழுத்துப் போடத் தெரியாத அப்பாயிமார் விடை சொல்வார்கள். மன்மதனின் மனைவி? காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு 'ரதி' என்று சொல்ல ஒரு நொடி போதும். அர்ச்சுனனின் வில்? 'காண்டீபம்.' பள்ளிக்கூடம் போனவர்களிடம்தான் தமிழ் இருக்கிறது என்ற எங்கள் எண்ணம் அங்கே உடைந்தது.

ஆனால் அவர்கள் நாள்தோறும் புழங்கிய கவ்வாத்து, பிரட்டு, முள்ளுக்குத்து, அரைப்பேர் போன்ற சொற்களை நாங்கள் நிரப்பிய கட்டங்களில் கண்டதில்லை. "நம்ம பேச்சு பேப்பர்ல வராதா?" என்று அவர்கள் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

வைத்தியத் தொழிலிலும் அந்தப் பழக்கம் உதவுகிறது. குறுக்கே பொருந்திய விடை கீழேயும் பொருந்தினால்தான் சரி. நோயாளி சொல்வதும் பரிசோதனை காட்டுவதும் அப்படியே. "அரைப்பேர்தான் விழுந்துச்சு" என்று ஒரு தாய் சொன்னால், அன்று அவருக்குப் பாதிச் சம்பளம்தான் என்பது நமக்குப் புரிகிறது. அந்தச் சொல்லை அறியாத வைத்தியருக்கு, அவர் நோயோடு மலையேறியது தெரியாமலே போகலாம்.

கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் நம் பிள்ளைகள் இச்சொற்களைக் கேட்டதில்லை. சகோதரிகளே, வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே ஆளுக்குப் பத்துத் தோட்டச் சொற்களைப் பொருளோடு எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் அவற்றைக் கொண்டே ஒரு புதிர் அமைப்போம். விடை தெரியாத பிள்ளைகள் அப்பாயியைக் கேட்கட்டும்.