பள்ளித் தேர்வில் அணி இலக்கணம்

அணி இலக்கணம் என்பது செய்யுளுக்கு அழகு சேர்க்கும் சொல்லாட்சி, பொருளாட்சி முறைகளை வகுத்துக் கூறும் இலக்கணப் பிரிவு ஆகும். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் தமிழ் ஐந்திலக்கணத்துள் இது இறுதியாக வைத்து எண்ணப்படுகின்றது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடுநிலை வகுப்புகளில் தொடங்கும் இப்பாடம், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் இலக்கண வினாக்களாகவும் திருக்குறள் பகுதியில் அணியைச் சுட்டும் வினாக்களாகவும் இடம்பெறுகின்றது. அணிகளின் வரையறையை ஒப்பிப்பதைக் காட்டிலும், கண்முன் உள்ள ஒரு பாடலில் எந்த அணி அமைந்துள்ளது என்று பிரித்தறிவதே மாணவர்களுக்குக் கடினமாக உள்ளது. இக்கட்டுரை அப்பிரித்தறிதலை மையமாகக் கொண்டது.

இலக்கண நூல்கள்

தொல்காப்பியத்தில் அணிக்கெனத் தனி அதிகாரம் இல்லை. பொருளதிகாரத்தின் ஓர் இயலான உவமவியலே இத்துறையின் பழைய வடிவம். அது வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்கின்றது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரசோழியம் அலங்காரத்திற்கு ஒரு படலத்தை ஒதுக்கியது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம், வடமொழியில் தண்டி இயற்றிய காவியாதரிசத்தைத் தழுவியது. பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று இயல்களைக் கொண்டது. இதன் பொருளணியியல் 35 அணிகளைக் கூறுகின்றது. பள்ளிப் பாடநூல்களின் வரையறைகள் பெரும்பாலும் இந்நூலைச் சார்ந்தவை.

பாடத்திட்டத்தில் இடம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கான தற்போதைய தமிழ்ப் பாடநூல் 2019-இல் வெளிவந்தது. இதன் அணிப் பகுதியில் தற்குறிப்பேற்ற அணி, தீவக அணி, நிரல்நிறை அணி, தன்மை அணி ஆகியன விளக்கப்பட்டுள்ளன. முன்பு இரு தாள்களாக நடைபெற்ற மொழிப்பாடத் தேர்வு 2019-2020 கல்வியாண்டு முதல் ஒரே தாளாக மாற்றப்பட்டது.

அணியை விளக்கும் விடையில் இலக்கணம், சான்றுப் பாடல், பாடலின் பொருள், அணிப் பொருத்தம் ஆகியவை எழுதப்படுவது மரபு. இவற்றுள் அணிப் பொருத்தமே விடையின் உயிர்ப்பகுதி. முதல் மூன்றையும் பாடநூலைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட இயலும். பொருத்தத்தை எழுதப் பாடல் புரிந்திருக்க வேண்டும்.

ஒப்புமையில் பிறந்த அணிகள்

தேர்வில் மிகுதியாகக் குழப்பப்படும் அணிகள் யாவும் ஒப்புமையை அடிப்படையாகக் கொண்டவை. ஒப்புமையின் எந்த உறுப்பு மறைந்துள்ளது என்ற ஒரு வினாவைக் கொண்டே இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம்.

உவமானம், உவமேயம், இரண்டையும் இணைக்கும் போல, அன்ன, நிகர முதலிய உவம உருபு ஆகிய மூன்றும் வெளிப்பட நின்றால் அது உவமை அணி. தன்னைத் தோண்டுபவரையும் தாங்கும் நிலத்தைப் பொறுமைக்கு ஒப்பிடும் 151-ஆம் குறள் இவ்வகையைச் சேர்ந்தது. உவமை ஒரு தொடராகவும் பொருள் ஒரு தொடராகவும் தனித்து நிற்க, இடையில் உருபு மறைந்திருந்தால் அது எடுத்துக்காட்டு உவமை அணி. எழுத்துகளுக்கு அகரம் முதலாவதையும் உலகுக்கு இறைவன் முதலாவதையும் அடுத்தடுத்துக் கூறும் திருக்குறளின் முதற்பாடல் இதற்குச் சான்று.

உவமானமும் உவமேயமும் இரண்டல்ல, ஒன்றே என்று கூறினால் உருவக அணி. சொற்களின் வரிசை இங்குக் கவனிக்கத் தக்கது. மலர்முகம் என்பது மலர் போன்ற முகம் என விரியும் உவமைத்தொகை. முகமலர் என்பது முகமாகிய மலர் என விரியும் உருவகம். தேன்தமிழ், தமிழ்த்தேன் என்பனவும் அவ்வாறே. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மிகவும் ஏற்ற இடம் இது.

தொடர்புடைய இரு பொருள்களுள் ஒன்றை மட்டும் உருவகம் செய்து மற்றொன்றை அவ்வாறே விட்டுவிடுவது ஏகதேச உருவக அணி. ஏகதேசம் என்பதற்கு ஒரு பகுதி என்பது பொருள். 10-ஆம் குறள் பிறவியைக் கடலாக உருவகம் செய்கின்றது. அக்கடலைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பமாக உருவகம் செய்யவில்லை. தெப்பத்தைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். விடைத்தாளில் அந்த விடுபட்ட தெப்பத்தைக் குறிப்பிடாமல், பிறவி கடலாக உருவகம் செய்யப்பட்டுள்ளது என்று மட்டும் எழுதுவது உருவக அணிக்கே பொருந்தும் விடையாகும்.

கூற வந்த பொருள் முழுவதும் மறைந்து உவமை மட்டும் நின்றால் பிறிது மொழிதல் அணி. மென்மையான மயிலிறகாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கின்றது வலியறிதல் அதிகாரத்தின் 475-ஆம் குறள். பகையின் வலிமை பற்றி அக்குறளில் ஒரு சொல்லும் இல்லை. அதிகாரத் தலைப்பை நோக்கினால்தான் மறைந்த பொருள் விளங்கும்.

முதலில் ஒப்புமை கூறிப் பின்னர் வேறுபாடு காட்டினால் அது வேற்றுமை அணி. 129-ஆம் குறள் தீயும் சுடும், நாவும் சுடும் என்று ஒன்றுபடுத்திய பின், முன்னது ஆறும், பின்னது ஆறாது எனப் பிரிக்கின்றது.

உருபு கண்டு ஏமாறுதல்

போல என்ற சொல்லைக் கண்டவுடன் உவமை அணி என்று எழுதுவது பரவலான பிழை. தற்குறிப்பேற்ற அணியிலும் இவ்வுருபு வரக்கூடும். இயல்பாக நிகழும் ஒரு நிகழ்ச்சியின் மீது கவிஞர் தம் கருத்தை ஏற்றிக் கூறுவது இவ்வணி. தன் குறிப்பை ஏற்றுதல் என்று பெயரைப் பிரித்தாலே வரையறை கிடைத்துவிடும்.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் உள்ள கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை வர வேண்டாம் என்று கை காட்டித் தடுப்பன போல் இருந்தன என்கின்றார் இளங்கோவடிகள். அதே புறஞ்சேரி இறுத்த காதையில் வையை ஆறு, நேரவிருப்பதை அறிந்தவள் போல, மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கின்றது. கொடி அசைவதற்குக் காற்று காரணம், மலர் மிதப்பதற்கு நீரோட்டம் காரணம். கவிஞர் கூறும் காரணமோ கோவலனுக்கு நேரவிருக்கும் கொலை. இயற்கைக் காரணம் ஒன்று, கவிஞர் ஏற்றிய காரணம் மற்றொன்று என இரண்டையும் காட்டுவதே இங்கு அணிப் பொருத்தம்.

இதற்கு நேர்மாறானது தன்மை அணி. உள்ளதை உள்ளவாறே கூறுவதால் இது இயல்பு நவிற்சி அணி என்றும் வழங்கப்படும். புழுதி படிந்த உடல், விரிந்த கூந்தல், கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு எனப் பாண்டியன் முன் நிற்கும் கண்ணகியின் தோற்றம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. உவமையோ உருவகமோ இல்லாததால் இங்கு அணியே இல்லை என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. அவ்வெளிமையே இங்கு அணி.

சொல்லின் இடம் பற்றிய அணிகள்

ஓரிடத்தில் நிற்கும் ஒரு சொல் பல இடங்களிலும் சென்று பொருந்துவது தீவக அணி. தீவகம் என்றால் விளக்கு. அறையின் ஓரிடத்தில் உள்ள விளக்கு பல பொருள்களை விளக்குவது போன்றது என்பதால் இப்பெயர். அச்சொல் நிற்கும் இடத்தைப் பொறுத்து முதனிலை, இடைநிலை, கடைநிலை என மூன்றாகும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அது தீவகம் அன்று, பின்வருநிலை அணி. சொல் மட்டும் மீண்டும் வந்து பொருள் வேறுபட்டால் சொல் பின்வருநிலை. பொருள் மட்டும் மீண்டும் வந்தால் பொருள் பின்வருநிலை. இரண்டும் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை.

இவ்வெல்லைகள் எப்போதும் உறுதியானவை அல்ல. பொருள் என்ற சொல் பலமுறை வரும் 751-ஆம் குறளில் அச்சொல் செல்வத்தையும் குறிக்கின்றது, மதிப்பையும் குறிக்கின்றது. உரை கொள்ளும் முறையைப் பொறுத்து இரு விடைகளுக்கும் இடம் உண்டு. விரிவாக எழுதும் வினாவில் காரணம் கூறித் தப்பலாம். நான்கு விருப்பங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் அவ்வாய்ப்பு இல்லை. இத்தகைய பாடல்களை அவ்வகை வினாக்களுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே முறை.

நிரல்நிறை அணியில் ஒரு வரிசையில் வைத்த சொற்கள் அடுத்த வரிசையில் உள்ளவற்றுடன் முறையே இணையும். 45-ஆம் குறளில் அன்புக்குப் பண்பும் அறத்துக்குப் பயனும் இவ்வாறு பொருந்துகின்றன. நிரல்நிறை என்ற பெயரில் ஒரு பொருள்கோளும் உண்டு என்பதால், வினா அணியைக் கேட்கின்றதா பொருள்கோளைக் கேட்கின்றதா என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இரட்டுற மொழிதல் எனப்படும் சிலேடையில் சொல் பிரியாமல் இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, பிரிந்து வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. மாலை என்பது பொழுதையும் பூந்தொடையலையும் குறிப்பது முதல் வகை. பலகை என்பது பல கை எனப் பிரிவது இரண்டாம் வகை. காளமேகப் புலவரின் சிலேடைப் பாடல்கள் புகழ்பெற்றவை.

ஆங்கிலக் கலைச்சொற்களுடன் ஒப்பீடு

அதே வகுப்பின் ஆங்கிலத் தேர்விலும் சிமிலி, மெட்டபர், பெர்சானிபிகேசன், அலிட்டரேசன் போன்றவை வினவப்படுகின்றன. முதல் இரண்டும் உவமை, உருவகம் ஆகியவற்றுடன் ஏறத்தாழ ஒத்துப்போகும். பெர்சானிபிகேசன் என்பதைத் தற்குறிப்பேற்றம் என மொழிபெயர்ப்பது பொருந்தாது. அஃறிணைக்கு மனிதத் தன்மை கற்பிப்பதோடு முன்னது நின்றுவிடுகின்றது. பின்னதற்கு இயல்பான நிகழ்ச்சி ஒன்றும் அதன்மீது ஏற்றிய கருத்தும் தேவை. அலிட்டரேசனுக்கு நெருங்கிய மோனை, தமிழில் அணியாகவே கொள்ளப்படுவதில்லை. அது எதுகை, இயைபு ஆகியவற்றுடன் யாப்பிலக்கணத்தின் தொடை வகைகளுள் அடங்கும்.