பாரில் விட்டுவந்த வங்கி அட்டை: விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

யாழ்ப்பாண நகரிலும் வவுனியாவிலும் பார் உள்ள ஹோட்டல்களில் பில்லுக்கு அட்டை கொடுப்பது இப்போது சாதாரண விடயம். பில் ஒரு கறுப்பு மட்டைக்குள் வரும். அதற்குள்ளேயே அட்டையை வைத்துக் கொடுப்போம். பணியாளர் அதைக் காசாளரிடம் கொண்டுபோய், துண்டுடன் திரும்ப வந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். எழும்பிப் போகிற அவசரத்தில் மட்டை மூடியபடியே கிடக்கும், அட்டையும் அதற்குள்ளேயே. மறுநாள் பெற்றோல் செட்டில் பணப்பையைத் திறக்கும்போதுதான் விடயம் தெரியவரும்.

வங்கியொன்றின் கருமபீடத்தில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். அட்டையைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற பலரின் முகங்கள் இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. அவர்களில் அதிகம் இழந்தவர்கள் அட்டையை மறந்தவர்கள் என்று சொல்லமாட்டேன், மறந்ததைச் சொல்லப் பிந்தியவர்கள்தான். ஜேர்மனியில் இருக்கும் அக்கா அம்மாவின் மருந்துக்கென மாதாமாதம் அனுப்பும் காசு வந்துசேரும் கணக்கின் அட்டையை, ஒருவர் வெள்ளி இரவு பாரில் விட்டிருந்தார். எங்கே விட்டது என்று வீட்டில் கேட்பார்களே என்ற வெட்கத்தில் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை வங்கிக்கு வந்தபோது, இரகசிய இலக்கம் கேட்காத சிறு தொகைகளாகவே பல கடைகளில் காசு போயிருந்தது. மருந்துக் காசு என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வங்கியின் தொலைபேசி உதவிப் பிரிவில் இருப்பவர், நீங்கள் அங்கே என்ன குடித்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கடைசியாக எங்கே பாவித்தீர்கள் என்று கேட்பார். இடத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

அட்டை காணவில்லை என்று தெரிந்தவுடன் கைத்தொலைபேசியில் வங்கியின் செயலி இருந்தால் அதைத் திறவுங்கள். பல வங்கிகளின் செயலிகளில் அட்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அதை அழுத்திவிட்டு ஆறுதலாக ஹோட்டலுக்கு அழைக்கலாம். அட்டை கிடைத்தால் மீண்டும் திறந்துகொள்ளலாம். செயலி இல்லாதவர்களுக்கு ஹோட்டலா வங்கியா முதலில் என்ற கேள்வி வரும். ஹோட்டலுக்கு ஒரே ஒரு அழைப்பு எடுங்கள். காசாளர், அட்டை லாச்சியில் இருக்கிறது என்று உங்கள் பெயரை வாசித்துச் சொன்னால் உடனே போய் எடுங்கள். தொலைபேசி எடுபடவில்லை, தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள், அல்லது நீங்கள் ஏற்கனவே ஊர் திரும்பிவிட்டீர்கள் என்றால் யோசிக்காமல் வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். முடக்கிய பிறகு அட்டை கிடைத்தால் புது அட்டைக்கான கட்டணமும் சில நாள் அலைச்சலும்தான் நட்டம்.

போயா தினத்துக்கு முதல்நாள் இரவு நடந்தால் நிலைமை இன்னும் சிக்கல். மறுநாள் மதுபானம் விற்கத் தடை என்பதால் பார் பூட்டியிருக்கும், வங்கிக் கிளையும் பூட்டு. கிளை திறக்கும்வரை காத்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அட்டையை முடக்கக் கிளை திறந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. வங்கிகளின் அவசர இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்கும். ஆனால் அந்த இலக்கம் அச்சிடப்பட்டிருப்பது அட்டையின் பின்பக்கத்தில். அட்டையோ பாரில். இதை வாசிக்கும்போதே அந்த இலக்கத்தைக் கைத்தொலைபேசியிலும், வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரிலும் எழுதிவையுங்கள். அழைத்ததும் மொழித் தெரிவு வரும், தமிழைத் தெரிவுசெய்யுங்கள். இணைப்பில் வருபவர் வேறு மொழியில் பேசினால் தமிழ் தெரிந்தவரிடம் மாற்றித் தரும்படி கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி போன்றவற்றைக் கேட்டு உங்களை உறுதிப்படுத்துவார்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தரும்படி கேட்டு, அழைத்த நேரத்துடன் எழுதிவையுங்கள். முடக்கும்படி அறிவித்த நேரத்துக்குப் பிறகு போன காசைப் பற்றி வாதாட வேண்டிவந்தால் அந்தத் துண்டுக் கடதாசிதான் உங்கள் சாட்சி.

நமது மக்களிடம் மட்டும் நான் கண்ட ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினோம். அன்று அது உயிர் காத்தது. அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் நிற்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. ஒரே பணப்பைக்குள் அடையாள அட்டை, வங்கி அட்டை, அதைச் சுற்றிய கடதாசியில் இரகசிய இலக்கம். பணப்பையோடு தொலைந்தால் எடுத்தவருக்கு எல்லாமே ஒன்றாகக் கிடைக்கிறது. இரகசிய இலக்கத்தைத் தயவுசெய்து வேறிடத்தில் வையுங்கள்.

போரில் காலையோ கண்ணையோ இழந்தவர்கள் பலர், அட்டையையும் இலக்கத்தையும் உறவினரிடம் அல்லது தெரிந்த ஓட்டோக்காரரிடம் கொடுத்துக் காசு எடுப்பிக்கிறார்கள். வேறு வழி இல்லாததால் செய்கிறார்கள், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அட்டை ஒரு பாரில் விடுபட்டு, அதில் இரகசிய இலக்கத்தோடு காசு எடுக்கப்பட்டிருந்தால், இலக்கத்தை நீங்களே இன்னொருவருக்குச் சொன்னீர்கள் என்று வங்கி கைவிரித்துவிடும். பெரிய தொகை வரும் கணக்குக்கு அட்டையே எடுக்காமல், செலவுக்கான சிறு தொகையை மட்டும் இன்னொரு கணக்குக்கு மாற்றி அதற்கு அட்டை வைத்திருப்பதுதான் இவர்களுக்கு நான் சொல்லிவந்த வழி. கூட்டுக் கணக்குப் பற்றியும் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

கடனட்டைக்கும் டெபிட் அட்டைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடனட்டையில் போவது முதலில் வங்கியின் காசு. மாதக் கூற்று வந்ததும், இது நான் செய்ததல்ல என்று மறுத்து எழுத இடமிருக்கிறது. டெபிட் அட்டையில் போவது உங்கள் கணக்கில் இருந்த காசு. அது திரும்பி வரும்வரை அடுப்பெரிக்க வேண்டியதும் நீங்கள்தான். வெளிநாட்டில் உள்ள உறவுகளுக்குச் சட்டம் ஓரளவு துணை. உங்கள் பக்கம் பெரிய கவனயீனம் இல்லாதவிடத்து, தொலைந்த அட்டையில் அறிவிக்க முன்னர் நடந்த மோசடிக்கு பிரித்தானியாவில் ஆகக் கூடியது 35 பவுண்டுகளும், கனடாவில் கடனட்டைக்கு ஆகக் கூடியது 50 டொலரும்தான் வாடிக்கையாளர் தலையில் விழும். லண்டன், ரொறன்ரோ பார்களில் கணக்கு முடியும்வரை அட்டையை வாங்கிவைக்கும் வழக்கமும் இருப்பதால் அங்கே விட்டுவிட்டு வருவது இன்னும் சுலபம்.

அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நிம்மதிப்படுபவர்களுக்கும் ஒரு சொல். முன்பக்க இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கங்கள், இவற்றை யாராவது படம் பிடித்திருந்தால் அட்டை உங்கள் கையில் இருந்தும் பயனில்லை. சில வெளிநாட்டு இணையத்தளங்கள் குறுந்தகவல் இலக்கம் கேட்காமலே காசை எடுத்துக்கொள்ளும். ஓரிரவு வெளியில் இருந்த அட்டையை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். புது அட்டை வந்தாலும் கணக்கு இலக்கம் மாறாது. அக்காவுக்கு அழைத்துக் காசு அனுப்பவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அட்டை வரும்வரை வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கொண்டுபோய்க் கிளையில் காசு எடுக்கலாம்.

நீங்கள் செய்யாத செலவு இருந்தால் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். தமிழில் எழுதலாம். பிரதியில் கையேற்ற முத்திரையும் திகதியும் வாங்குங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வங்கி கேட்கக்கூடும். பொலிஸ் நிலையப் படி ஏறவே பலருக்கு மனம் வராது, காரணத்தை நான் எழுதவேண்டியதில்லை. ஆனாலும் பிறர் அட்டையை மோசடியாகப் பாவிப்பது 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டத்தின் கீழ் குற்றம். முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். சிங்களத்தில் எழுதி ஒப்பமிடச் சொன்னால், வாசித்து விளங்கப்படுத்த ஒருவர் வரும்வரை ஒப்பமிடாதீர்கள். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், அதன் இலக்கம் 1935. நிதியியல் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதியிருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

அட்டை தொலைந்த சில நாட்களுக்குள் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பு வந்து, கைத்தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லச் சொன்னால் வைத்துவிடுங்கள். எந்த வங்கியும் அதைக் கேட்பதில்லை.

இன்னொருவரின் அட்டையைக் கண்டெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரியவரிடம் சேரட்டும் என்ற நல்லெண்ணத்தில் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். அந்தப் படத்தை ஊரே பார்க்கும், கள்ளனும் பார்ப்பான். அட்டையில் எழுதியுள்ள வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுத்துவிடலாம். பதிவு போடத்தான் வேண்டுமென்றால் பெயரையும் எடுத்த இடத்தையும் மட்டும் எழுதுங்கள்.